அக்கித் தடுப்பூசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அக்கித் தடுப்பூசி பற்றி ஒரே சமயத்தில் நிறையக் கேள்விகள் வந்திருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில்களில் வெறுமனே 'தடுப்பூசி' என்று வரும் இடமெல்லாம் ஷிங்ரிக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் இரண்டு தவணை ஊசியையே குறிக்கிறது. பழைய ஒற்றைத் தவணை ஊசியான ஜோஸ்டாவாக்ஸை அதன் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 58 வயது. சிறுவயதில் சின்னம்மை வந்ததா என்று நினைவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் பெரியவர்களும் இல்லை. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் ஊசி போட வேண்டுமா?

பதில்: தேவையில்லை. ஐம்பதைத் தாண்டிய மிகப் பெரும்பாலோருடைய உடலில் சின்னம்மை வைரஸ் ஏற்கெனவே இருக்கிறது. சிலருக்கு நாலைந்து கொப்புளங்களோடு அம்மை வந்து போயிருக்கும். வேர்க்குரு என்று நினைத்து விட்டிருப்பார்கள். அம்மை இறங்கிய பிறகும் அந்த வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. நரம்பு வழியாக ஏறி, முதுகெலும்பை ஒட்டியும் தலைக்குள்ளும் உள்ள நரம்பு முடிச்சுகளில் அடங்கிக் கிடக்கிறது. அதை அடக்கிவைத்திருக்கும் வெள்ளணுக்களின் பலம் வயதாக ஆகக் குறைகிறது. ஏதோ ஒரு முடிச்சில் வைரஸ் மறுபடி பெருகி, அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்கி வருவதுதான் அக்கி. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, ஒரு நரம்பின் எல்லைக்குள் மட்டும் கொப்புளங்கள் வருவதற்குக் காரணமும் இதுதான். எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயப் பொது மருத்துவர் தம்மிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 1965-ல் இந்த விளக்கத்தை எழுதி வெளியிட்டார்.

பரிசோதனை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சின்னம்மை வந்து போனவருக்கே 'எதிர்ப்பொருள் இல்லை' என்று சாதாரண ஆய்வகப் பரிசோதனை முடிவு சொல்லிவிடுவது நடக்கிறது. அதை நம்பி ஊசியைத் தவிர்த்தால் நஷ்டம் உங்களுக்கு. ஒரே ஒரு விலக்கு: வேறு காரணத்துக்காக ஏற்கெனவே பரிசோதித்து, சின்னம்மை வைரஸ் உடலில் நுழைந்ததே இல்லை என்று உறுதியாகியிருந்தால், உங்களுக்குத் தேவை சின்னம்மைத் தடுப்பூசி. அக்கி ஊசி சின்னம்மையைத் தடுப்பதற்கானதல்ல.

கேள்வி: அக்கி பத்துப் பதினைந்து நாளில் தானாகவே ஆறிவிடுகிறதே. அதற்குப் போய் காய்ச்சலும் கைவலியும் வரவழைக்கிற ஊசி எதற்கு?

பதில்: தோல் ஆறிவிடும் என்பது உண்மை. ஏழிலிருந்து பத்து நாளில் கொப்புளங்கள் பொருக்குக் கட்டும்; இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பொருக்கு உதிர்ந்துவிடும். ஆனால் அக்கி தோல் நோய் அல்ல, நரம்பு நோய். வைரஸ் எந்த நரம்பு வழியாக இறங்கியதோ அந்த நரம்பு அழற்சியில் சேதமாகிறது. சேதமான நரம்பு, காயம் ஆறிய பிறகும் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். கொப்புளம் வந்து மூன்று மாதம் கழிந்தும் வலி நின்றபாடில்லை என்றால் அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறோம். அக்கி வந்தவர்களில் நூற்றுக்கு 10 முதல் 18 பேருக்கு இது வருகிறது. அறுபது, எழுபது என்று வயது ஏற ஏற இந்தப் பங்கும் கூடுகிறது. வலி நீடிக்கும் காலமும் நீள்கிறது.

இந்த வலியைச் சாதாரண வலியோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற சுரீர்க் குத்தல், இவற்றோடு தொட்டாலே வலிக்கும் நிலை. சட்டைத் துணி உரசினால் தாங்காது, மின்விசிறிக் காற்று பட்டால் தாங்காது. தூக்கம் கெடும், சாப்பாடு குறையும், வெளியே போவது நிற்கும். மாதக்கணக்கில் நீடிப்பது சாதாரணம். ஆண்டுக்கணக்கில் போகிறவர்களும் உண்டு. கபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், லிடோகெய்ன் ஒட்டுப்பட்டை என்று மருந்துகள் இருக்கின்றன. அவை வலியைக் குறைக்கும். பெரும்பாலும் முழுதாகப் போக்குவதில்லை. மாத்திரைகள் எல்லாமே மயக்கம், தலைசுற்றல், தடுமாற்றம் தரக்கூடியவை. எழுபத்தைந்து வயதுக்காரர் வலி மாத்திரை சாப்பிட்டுவிட்டு இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதும் அக்கியின் கணக்கில்தான் சேர வேண்டும்.

இடத்தைப் பொறுத்தும் ஆபத்து கூடும். நெற்றியிலும் கண்ணிமையிலும் வந்தால் கருவிழி பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கலாம். காதுக்குள் வந்தால் முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதும், கேட்கும் திறன் குறைவதும் நேரும். தடுப்பூசி போடாத நிலையில், வாழ்நாளில் மூன்றில் ஒருவருக்கு அக்கி வருகிறது. இரண்டு மூன்று நாள் காய்ச்சலை ஒரு பக்கமும், மேலே சொன்னவற்றை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள். எங்கள் பரிந்துரை தெளிவானது: 50 வயதைத் தாண்டியவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கும்? எத்தனை வருடத்துக்கு? ஒரு தவணை மட்டும் போட்டால் பாதியாவது பலன் இருக்காதா?

பதில்: 2015-ல் வெளியான பெரிய சோதனையில், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு தவணை போட்டபோது அக்கி வருவது 97 சதவீதம் குறைந்தது. எழுபதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த 2016-ம் ஆண்டு முடிவுகளிலும் பாதுகாப்பு 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். பழைய ஜோஸ்டாவாக்ஸ் மொத்தத்தில் 51 சதவீதம்தான் தடுத்தது. அதுவும் எண்பதைத் தாண்டியவர்களுக்கு இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாக வேலை செய்தது. அமெரிக்காவில் 2020-ல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

சோதனையில் பங்கேற்றவர்களைப் பதினோரு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பதினோராவது ஆண்டிலும் பாதுகாப்பு சுமார் 80 சதவீதம் இருந்தது. ஆகவே, இரண்டு தவணையும் முடித்தவர்களுக்கு ஊக்கத் தவணை இப்போதைக்குப் பரிந்துரைக்கப்படவில்லை.

சோதனைக்கு வெளியே, பல நோய்களோடு இருக்கும் சாதாரண முதியவர்களிடம் எண்கள் கொஞ்சம் இறங்கும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் உள்ளவர்களின் தரவுகளைப் பார்த்தபோது, இரண்டு தவணை போட்டவர்களுக்குச் சுமார் 70 சதவீதமும், ஒன்றோடு நின்றவர்களுக்குச் சுமார் 57 சதவீதமும் பாதுகாப்பு தெரிந்தது. ஒன்றே போதும் என்று இதைப் படித்துவிடாதீர்கள். முதல் தவணை எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புகிறது. அதை உயர்த்தி ஆண்டுக்கணக்கில் நிலைநிறுத்துவது இரண்டாவது. பதினோரு ஆண்டு பற்றிய மேலே சொன்ன எண்கள் எல்லாம் இரண்டும் போட்டவர்களுடையவை.

கேள்வி: முதல் தவணை போட்டு ஒன்பது மாதம் ஆகிவிட்டது. இரண்டாவதை மறந்தே போனேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்த வாரமே இரண்டாவதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முடிந்தது. சரியான இடைவெளி 2 முதல் 6 மாதம். தாமதமானால் முதல் தவணை வீணாவதில்லை. இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்பு குறைவாக இருக்கும், அவ்வளவுதான். தவறு எதிர்ப்பக்கத்தில் நடந்தால்தான் சிக்கல்: நான்கு வாரத்துக்குள் அவசரப்பட்டுப் போட்டுவிட்டால் அந்த இரண்டாவது தவணை செல்லாது, இடைவெளி விட்டு மறுபடி போட வேண்டும். முதல் தவணை போடும் அன்றே அடுத்த தேதியைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: முதல் ஊசி போட்ட அன்று இரவு குளிர் நடுக்கம், மறுநாள் 101 டிகிரி காய்ச்சல், கையைத் தூக்கவே முடியவில்லை. இரண்டு நாள் படுக்கைதான். இரண்டாவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா? அல்லது பாதி அளவு போடச் சொல்லலாமா?

பதில்: உங்களுக்கு நடந்தது எதிர்பார்க்கக்கூடிய ஒன்றுதான். சோதனைகளில் ஊசி போட்ட இடத்தில் வலி நூற்றுக்கு 78 பேருக்கு வந்தது. உடம்பு வலியும் அசதியும் சுமார் 45 பேருக்கு, தலைவலி 38 பேருக்கு, குளிர் நடுக்கம் 27 பேருக்கு, காய்ச்சல் 21 பேருக்கு. அன்றாட வேலை செய்ய முடியாத அளவுக்குப் படுத்தியது ஆறில் ஒருவரை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிட்டது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு இவையெல்லாம் சற்றுக் குறைவு.

காரணம் ஊசிக்குள்ளேயே இருக்கிறது. இதில் வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறையில் உள்ள ஒரே ஒரு புரதம், கிளைக்கோபுரோட்டீன் ஈ, 50 மைக்ரோகிராம் இருக்கிறது. அந்தப் புரதம் மட்டும் போனால் முதியவரின் எதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளாது. அதனால் தூண்டுபொருள் சேர்க்கிறார்கள். தென்னமெரிக்காவின் குயில்லாயா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் சப்போனின் 50 மைக்ரோகிராம், சால்மொனெல்லா பாக்டீரியாவின் உறையிலிருந்து நச்சு நீக்கி எடுக்கும் கொழுப்புப் பொருள் 50 மைக்ரோகிராம். எண்பது வயதிலும் இந்த ஊசி வேலை செய்வதற்கும், உங்களுக்குக் குளிர் நடுங்கியதற்கும் காரணம் இந்தத் தூண்டுபொருள்தான். ஆனால் எந்தத் தொந்தரவும் வராதவர்களுக்கும் ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. காய்ச்சல் வரவில்லை என்று அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

பாதி அளவு என்பது யாரும் சோதித்துப் பரிந்துரைத்த முறை அல்ல. முழு 0.5 மி.லி. போட வேண்டும். முதல் தவணை படுத்தியது என்பதற்காக இரண்டாவதும் அப்படியே படுத்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் குளிர் நடுக்கமும் தலைவலியும் இரண்டாவதில் சற்றுக் கூடுதலாக வருவதுண்டு. அதற்குத் தயாராகப் போவது நல்லது. அடுத்த இரண்டு நாட்களில் பயணமோ, விசேஷமோ, கடினமான வேலையோ வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அதிகம் பயன்படுத்தாத கையில் போடச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர் என்றால் அன்று இரவு யாராவது ஒருவர் உடனிருக்கட்டும். குளிர் நடுக்கத்தோடு எழுந்து நடக்கும்போது விழ வாய்ப்புண்டு. பாராசிட்டமால் மாத்திரையை ஊசிக்கு முன்பே போட்டுக்கொண்டு போக வேண்டாம். காய்ச்சலோ வலியோ வந்த பிறகு 500 மி.கி. மாத்திரை ஒன்று, தேவைப்பட்டால் இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில் போதும். முதியவர்கள் ஒரு நாளில் 3 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. கல்லீரல் நோய் உள்ளவர்களும் மிக மெலிந்தவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கைக்கு ஈரத்துணி ஒத்தடம் கொடுங்கள். கையை அசைக்காமல் வைத்திருக்காதீர்கள், லேசாக அசைத்துக்கொண்டிருந்தால் இறுக்கம் சீக்கிரம் விடும்.

இரண்டாவதை விட்டுவிட வேண்டிய நிலை ஒன்று உண்டு. முதல் ஊசிக்குப் பிறகு சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகம், உதடு, தொண்டை வீங்கியிருந்தாலோ, மூச்சுத் திணறியிருந்தாலோ, உடல் முழுவதும் தடிப்பு எழுந்திருந்தாலோ அது கடும் ஒவ்வாமை. அவர்களுக்கு இன்னொரு தவணை கூடாது. இதற்காகத்தான் ஊசி போட்ட பின் 15 நிமிடம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள். மிக அரிதான இன்னொன்று குல்லன்-பாரே என்ற நரம்பு நோய். 65 வயதைத் தாண்டியவர்களில் பத்து லட்சம் தவணைக்குச் சுமார் மூன்று பேர் என்ற அளவில், ஊசிக்குப் பிந்தைய 42 நாட்களில் இது கூடுதலாகத் தென்பட்டதால், 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்த்தது. கால்களில் தொடங்கி மேலே ஏறும் பலவீனமோ மரத்துப்போதலோ தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: நான்கு மாதம் முன்பு எனக்கு அக்கி வந்து ஆறிவிட்டது. வந்தவருக்கு மறுபடி வராது என்கிறார்களே. இனி ஊசி எதற்கு?

பதில்: மறுபடி வரும். எல்லோருக்கும் அல்ல; ஆனால் வராது என்ற உத்தரவாதம் இல்லை. அக்கி வந்து போனவர்களும் இரண்டு தவணையும் போட வேண்டும். எப்போது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். கொப்புளங்கள் முழுதாக ஆறி, நோயின் தீவிரம் தணிந்தால் போதும் என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். ஓராண்டு பொறுக்கச் சொல்கிறது பிரிட்டன். அக்கி வந்ததே எதிர்ப்பாற்றலைக் கொஞ்ச காலத்துக்கு உயர்த்திவிடும் என்பது அதன் காரணம். உடல்நலம் நன்றாக இருப்பவர் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் போட்டுக்கொள்வது நியாயமான நடுவழி. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்திலேயே மருத்துவரிடம் பேசலாம். கொப்புளம் இருக்கும்போது மட்டும் போட வேண்டாம். அது அந்த அக்கியைக் குணப்படுத்தாது. ஏற்கெனவே நீடிக்கும் நரம்பு வலிக்கும் இது மருந்தல்ல.

கேள்வி: பத்து வருடம் முன்பு ஜோஸ்டாவாக்ஸ் போட்டிருக்கிறேன். அது போதாதா?

பதில்: போதாது. அதன் பலன் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துபோவது. அதைப் போட்டு எட்டு வாரம் ஆகியிருந்தாலே புதிய ஊசியின் இரண்டு தவணையையும் போடலாம். உங்களுக்கோ பத்து வருடமே ஆகிவிட்டது.

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரை இருக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். தசையில் போடும் ஊசி என்பதால் ரத்தக்கட்டு வருமா? மாத்திரையை நிறுத்திவிட்டுப் போடலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் மூளைக்கு ரத்த அடைப்பு வரும் ஆபத்து, கையில் ஒரு ரத்தக்கட்டு வருவதைவிடப் பல மடங்கு பெரியது. அம்மாவின் ஐ.என்.ஆர். அளவை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) அண்மையில் பார்த்து, மருத்துவர் சொன்ன வரம்புக்குள் இருந்தால் தாராளமாகப் போடலாம். போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசி, போட்ட பிறகு தேய்க்காமல் குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தல். இவ்வளவுதான். ஆஸ்பிரின், குளோப்பிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கும் இதே கவனம் போதும்.

சர்க்கரை ஊசிக்குத் தடையல்ல. சர்க்கரை உள்ளவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பே கூடுதல் என்பதால் அம்மாவுக்கு இது இன்னும் தேவை. காய்ச்சல் வந்தால் ஓரிரு நாள் சர்க்கரை சற்று ஏறலாம். சரியாகச் சாப்பிடாமல் வழக்கமான இன்சுலினைப் போட்டால் இறங்கவும் செய்யலாம். அந்த இரண்டு நாளும் வீட்டிலேயே கூடுதலாக ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 47 வயது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன். அடுத்து டோஃபாசிடினிப் ஆரம்பிக்கலாம் என்கிறார் மருத்துவர். ஐம்பது வயதாகட்டும் என்று காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். ஐம்பது என்பது ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கான எல்லை. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும், குறையப்போகிறவர்களுக்கும் 18, 19 வயதிலிருந்தே போடப் பல நாடுகளில் அனுமதி இருக்கிறது. டோஃபாசிடினிப், பாரிசிடினிப், உபாடாசிடினிப் ஆகியவை அக்கி வரும் வாய்ப்பைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் மருந்துகள். அதனால் ஆரம்பிக்கும் முன்பே போடுவதுதான் உத்தமம். உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு தவணைக்கு இடையே 1 முதல் 2 மாதம் போதும். நோயின் தீவிரம் அவ்வளவு நாள் பொறுக்க விடாது என்று மருத்துவர் நினைத்தால் முதல் தவணையையாவது முன்பே முடித்துவிட்டு, இரண்டாவதை மருந்தோடு சேர்த்தே போடலாம். உயிருள்ள வைரஸ் இல்லாததால் ஆபத்து கிடையாது. பலன் சற்றுக் குறையலாம், அவ்வளவே. ஜோஸ்டாவாக்ஸ் உயிருள்ள வைரஸ் ஊசி. அதை உங்களுக்குப் போடவே கூடாது.

எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றிக்கொள்பவர்கள், அடுத்த முறை மருந்து ஏற்றுவதற்குச் சுமார் நான்கு வாரம் முன்பாகத் தடுப்பூசியை வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து ஏறிய உடனே போட்டால் எதிர்ப்பாற்றல் சரியாக எழும்பாது. நாளொன்றுக்கு 20 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் பலன் குறையலாம். ஆனால் ஊசிக்காக ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தேதியை உங்கள் சிகிச்சையைக் கவனிக்கும் மருத்துவர்தான் குறிக்க வேண்டும்.

கேள்வி: ஊசி போடும் இடத்தில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? மருந்துக்கடையில் வாங்கி எடுத்துப்போகலாமா?

பதில்: நல்ல கேள்வி, இந்த ஊசியில் தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் இங்கேதான். பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு சிறு குப்பிகள் இருக்கும். ஒன்றில் தூள், மற்றொன்றில் திரவம். தூளில் இருப்பது புரதம். திரவத்தில் இருப்பது தூண்டுபொருள். திரவம் முழுவதையும் தூளில் செலுத்தி, தூள் கரையும்வரை மெதுவாகச் சுழற்றி, அந்தக் கலவையிலிருந்து 0.5 மி.லி. எடுத்துப் போட வேண்டும். அவசரத்தில் திரவத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிடுவது நடந்திருக்கிறது. அப்போது உடலுக்குள் போனது வெறும் தூண்டுபொருள், தடுப்பூசியே அல்ல. அதேபோல், வேறு ஊசிகளுக்குச் செய்வது மாதிரி தூளை வாலைநீரிலோ உப்புநீரிலோ கரைத்தாலும் அந்தத் தவணை செல்லாது. இரண்டு குப்பிகளையும் உங்கள் கண் முன்னால் கலக்கச் சொல்வதில் தவறே இல்லை. முன்பே நிரப்பிய சிரிஞ்சு வடிவத்துக்கு அமெரிக்காவில் 2025-ல் அனுமதி கிடைத்தது. அது கிடைக்கும் இடங்களில் இந்தக் குழப்பம் இல்லை.

கலந்த பிறகு உடனே போட வேண்டும். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டியதுதான். இடம் மேற்கையின் தோள்பட்டைத் தசை. தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே போட வேண்டும். அதைவிட மேலே போட்டால் மூட்டுப் பையில் மருந்து இறங்கி, மாதக்கணக்கில் தோள் தூக்க முடியாமல் போகலாம். சட்டைக் கழுத்தை இழுத்து இடம் கொடுக்கும்போதுதான் ஊசி மேலே போய்விடுகிறது. தோள் முழுவதும் தெரியும்படி கையை வெளியே எடுத்து உட்காருங்கள். தவறித் தோலுக்கடியில் போட்டுவிட்டால் வீக்கமும் சிவப்பும் கூடும். ஆனாலும் அந்தத் தவணை கணக்கில் சேரும்.

குளிர்ச்சி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். வெப்பத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், உறைவதற்குப் பயப்படுவதில்லை. உறைந்த ஊசி உருகிய பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பயன்படாது. வாங்கி எடுத்துப்போகிறவர்கள் பெட்டியைப் பனிக்கட்டிமேல் நேரடியாக வைப்பதும், வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதிக்குள் வைப்பதும்தான் வழக்கமான தவறு. குளிர்பொதிக்கும் ஊசிப் பெட்டிக்கும் நடுவே தடித்த துணியோ அட்டையோ இருக்கட்டும். ஊசியை வைத்திருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ள முடிந்தால் அதுவே மேல். கடைசியாக, பெயர், தொகுதி எண், தேதி மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃப்ளூ ஊசியையும் அன்றே போடலாமா? லேசான சளி இருக்கிறது.

பதில்: போடலாம், வேறு கையில். நிமோனியா ஊசிக்கும் கொரோனா ஊசிக்கும் இதே பதில்தான். ஆனால் முதல் ஊசியே உங்களைப் படுத்தியிருந்தால், இரண்டு வாரம் இடைவெளி விட்டால் எந்த ஊசி என்ன செய்தது என்று தெரியும். லேசான சளி தடையல்ல. காய்ச்சலோடு படுத்திருந்தால் தேறிய பிறகு போகலாம்.

கேள்வி: ஊசி போட்டுக்கொண்டால் வீட்டில் உள்ள கைக்குழந்தைக்கும் கர்ப்பிணி மருமகளுக்கும் தொற்றுமா? என் கணவருக்கு இப்போது அக்கி வந்திருக்கிறது. அது எனக்கு ஒட்டுமா?

பதில்: ஊசியில் வைரஸே இல்லை, தொற்ற எதுவும் இல்லை. குழந்தையைத் தூக்கலாம். உங்கள் கணவரின் அக்கி உங்களுக்கு அக்கியாக ஒட்டாது. அக்கி அவரவர் நரம்பிலிருந்து எழுவது. ஆனால் அவருடைய கொப்புள நீரில் வைரஸ் உயிரோடு இருக்கிறது. சின்னம்மை வராத, அதற்கு ஊசியும் போடாத ஒருவர் அதைத் தொட்டால் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிக்கும் பச்சிளங்குழந்தைக்கும் அது ஆபத்து. எல்லாக் கொப்புளங்களும் பொருக்குக் கட்டும்வரை அவர் அந்த இடத்தைத் தளர்வான துணியால் மூடியிருக்கட்டும். துண்டும் படுக்கைத் துணியும் தனியாக இருக்கட்டும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். மருமகளுக்குச் சின்னம்மை வந்ததில்லை என்றால் அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு தவணையும் போட்டாகிவிட்டது. அப்படியும் விலாவின் ஒரு பக்கம் எரிச்சல், சிவப்பு. அக்கியாக இருக்க முடியுமா?

பதில்: முடியும். பாதுகாப்பு நூறு சதவீதம் அல்ல. ஊசி போட்டவருக்கு வரும்போது பொதுவாக இலேசாக வருகிறது. ஆனால் ஊசி போட்ட தைரியத்தில் காத்திருக்காதீர்கள். கொப்புளம் எழுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒரு பக்கத்தில் எரிச்சலும் குத்தலும் தொடங்கும். அதை வாயுப் பிடிப்பு, தசைப் பிடிப்பு, சில சமயம் நெஞ்சுவலி என்றுகூட நினைத்து நாளைக் கடத்திவிடுகிறார்கள். தோலில் முதல் தடிப்பு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்க வேண்டும். வழக்கமான அளவு வாலாசைக்ளோவிர் 1 கிராம் நாளைக்கு மூன்று வேளை, அல்லது அசைக்ளோவிர் 800 மி.கி. நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழப்பமும் பிதற்றலும் வரும். அதனால் பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். 72 மணி நேரம் தாண்டிவிட்டாலும், புதுக் கொப்புளம் இன்னும் எழுந்துகொண்டிருந்தால் மருத்துவர் மாத்திரை தருவார். 'இனிப் போய் என்ன பயன்' என்று இருந்துவிட வேண்டாம். மூக்கு நுனியில் ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும் கண்ணுக்குள் போகும் அதே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இந்த ஊசி போட்டால் மறதி நோய் வராது என்று படித்தேன். அப்பாவுக்கு 81 வயது, ஏற்கெனவே மறதி நோய் தொடங்கிவிட்டது. அவருக்குப் பயன்படுமா?

பதில்: 'வராது' என்று யாரும் சொல்லவில்லை. வேல்ஸ் நாட்டில் 2013 செப்டம்பர் 1-ம் தேதி ஜோஸ்டாவாக்ஸ் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஊசி கிடைத்தது. அதற்குச் சில வாரம் முன்பு பிறந்தவர்களுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்களான இந்த இரண்டு தரப்பையும் ஒப்பிட்டபோது, ஊசி போட்டவர்களிடம் ஏழு ஆண்டுகளில் புதிதாக மறதி நோய் கண்டறியப்படுவது சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. 2025-ல் வெளியான இந்த ஆய்வு, பிறந்த தேதியை மட்டும் வைத்துப் பிரித்ததால் நம்பகமானது. புதிய ஊசிக்கும் இத்தகைய தொடர்பு இருக்கலாம் என்று 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் மறதி நோயைத் தடுப்பதற்கென்று இந்த ஊசி இன்னும் எங்கும் பரிந்துரைக்கப்படவில்லை.

உங்கள் அப்பாவுக்குப் போட வேண்டிய காரணம் வேறு. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று அவரால் சொல்ல முடியாமல் போகும் நாள் வரலாம். அப்படிப்பட்டவருக்கு அக்கி வந்தால், கொப்புளத்தை யாராவது பார்க்கும்போது 72 மணி நேரம் கழிந்திருக்கும். பிறகு வரும் நரம்பு வலிக்குத் தரும் மாத்திரைகள் அவருடைய குழப்பத்தை இன்னும் கூட்டும். வயதுக்கு மேல் எல்லை இல்லை. 81 வயதில் போடலாம். ஊசிக்குப் பிந்தைய இரண்டு நாளும் குழப்பமும் தடுமாற்றமும் சற்றுக் கூடினால் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். நடக்கும்போது கூடவே இருங்கள், தண்ணீரை நீங்களே நினைவுபடுத்திக் கொடுங்கள். இரண்டாவது தவணையின் தேதியும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.